சோடி இல்லாம எறங்கக் கூடாது

நம்புவள்ளிங்குறது நாந்தான். வாங்க தாயி, உள்ள வாங்க. வெயில்ல நிக்காதீக. இந்தப் பக்கம் உக்காருங்க, காத்து வரும்.

ஆரு அனுப்புனா? கோயில் பக்கத்துல இருந்தவளுகளா? "அந்தச் சட்டதிட்டமெல்லாம் அவளுக்குத்தான் தெரியும், அவகிட்டப் போங்க"ன்னாகளா? சொல்லுவாக, சொல்லுவாக. நோட்டும் பேனாவுமா ஆரு வந்து எறங்குனாலும் எங்கிட்டத்தான் கையக் காட்டுவாக. போன மாசம் கேமராவோட ஒரு தம்பி வந்துச்சு. அதுக்கு முந்தி வெள்ளக்காரவுக ரெண்டு பேரு. வந்தவுகளுக்குப் பேச நான் வேணும். மத்ததுக்குத்தான்... சரி, அத விடுங்க. தண்ணி குடிக்கிறீகளா? இது நல்ல தண்ணிதான், உப்பு இருக்காது. குடிங்க.

எதுல இருந்து சொல்ல? பாசின்னா என்னன்னு தெரியுமா ஒங்களுக்கு? கொளத்துல பச்சையா மெதக்குமே, அது இல்ல. இது கடல்பாசி. மரிக்கொழுந்துன்னு ஒரு பாசி, கஞ்சிப்பாசின்னு ஒரு பாசி. பார்ல மொளைக்கும். பாருன்னா தண்ணிக்குள்ள கெடக்குற கல்லுத் திட்டு. நாங்க முங்கிப் பறிச்சு, மணல்ல காயப்போட்டு லாரிக்குக் குடுப்போம். அது ஐஸ்கிரீமுக்குப் போகுதாம், மாத்திரைக்கு மேல மூடுற தோலுக்குப் போகுதாம். நான் ஐஸ்கிரீம்ல தேடிப் பாத்தேன், எனக்கு ஒண்ணும் தெரியல.

இது பொம்பளைக வேலை. ஆம்பளைக வலைக்குப் போவாக, நாங்க முங்கப் போவோம். சேலைக்கு மேல ஒரு ஆம்பளச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, விரல்ல துணியச் சுத்திக்கிருவோம், இல்லாட்டி பாரு கிழிச்சிரும். இடுப்புல மாலு. மாலுன்னா வலைப்பை தாயி, பறிக்கிறத அதுலதான் போட்டுக்கிருவோம். அம்புட்டுத்தான் எங்க ஆபீசு.

நீங்க கேக்குறது புரியுது. இந்தக் கட்டுப்பாடு எப்படி வந்துச்சுன்னு கேக்குறீக. அது வராம என்ன செய்யும்? பாசி அத்துப்போச்சு. அத்துப்போச்சுன்னா, காலைல எறங்கி மதியம் வரைக்கும் முங்கினாலும் மாலு அடி நெறையாது. ஏன்னு எல்லாருக்கும் தெரியும். சுரண்டி வச்சு வேரோட வழிச்சோம்ல. வேரோட எடுத்தா மறுபடி மொளைக்காதுன்னு அன்னைக்கும் தெரியும். தெரிஞ்சேதான் செஞ்சோம். ஏன்னா நான் இன்னைக்கி கொஞ்சம் விட்டு வச்சிட்டு வந்தேன்னு வைங்க, நாளைக்கி அது அங்கனயா இருக்கும்? அடுத்தவ மாலுக்குள்ள இருக்கும். நான் விட்டது அவளுக்கு லாபம், எனக்குப் பட்டினி. அவளும் அப்படித்தான் நெனைப்பா. இப்படி எழுவது பொம்பளையும் ஒரே நெனப்பா நெனச்சா, கடலு என்னத்துக்கு ஆகும்? என் வீட்டு முருங்கைன்னா நான் கொப்ப ஒடிப்பேனா? கடலு ஆரு வீட்டுதும் இல்லையே.

எழுதிக்கிட்டீகளா? எழுதுங்க, எழுதுங்க. அந்த வெள்ளக்காரம்மாவும் இந்த எடத்துலதான் வெரசா எழுதுச்சு.

அதே வருசம் இன்னொண்ணு நடந்துச்சு. கோவிந்தம்மான்னு ஒருத்தி, தனியா எறங்கிட்டா. ஆளு இருந்தா பங்குக்கு வந்துரும்னு தனியாப் போனா. பார் இடுக்குல காலு மாட்டிக்கிச்சு. பக்கத்துல ஆருமில்ல. சாயங்காலம் புருசங்காரன் தேடி வந்து பாக்கயில அவ சட்டை மட்டும் மேல ஊதிக்கிட்டு மெதக்குது. அத நான் பாத்தேன் தாயி. இன்னைக்கும் தண்ணிக்கு மேல ஒரு துணி மெதந்தா கிட்டப் போயிப் பாத்துட்டுத்தான் வருவேன்.

அதுக்கப்பறந்தான் கூட்டம் போட்டோம். கோயில் முன்னால, பூவரச மரத்தடியில. ஆம்பளைகள சேக்கல. அன்னைக்கி எந்திரிச்சு நின்னு பேசுனது நாந்தான். எனக்கு எங்க இருந்து அம்புட்டுப் பேச்சு வந்துச்சோ! மாசத்துக்குப் பன்னெண்டு நாளு மட்டும் எறங்கணும், அமாவாசைய ஒட்டி ஆறு, பௌர்ணமிய ஒட்டி ஆறு. சுரண்டி கூடாது, கையாலதான் பறிக்கணும். சித்திரைப் பாதியில இருந்து ரெண்டு மாசம் ஆரும் எறங்கக் கூடாது, அப்பத்தான் குருத்து விடும். அப்பறம், சோடி இல்லாம எறங்கக் கூடாது. ஒருத்தி முங்குனா ஒருத்தி தல வெளிய இருக்கணும். இதெல்லாம் நான் சொன்னதுதான். வேணும்னா கோயில்ல நோட்டு இருக்கு பாருங்க, என் கையெழுத்து.

மீறுனா அபராதமெல்லாம் கெடையாது. காசக் கட்டிட்டு மீறிருவாளுகள்ல? அதுனால மாலப் பிடுங்கி பூவரச மரத்துல தொங்க விட்ரணும். ஒரு தப்புக்கு ஒரு வருசம். அது எறங்குற வரைக்கும் இவ கடல்ல எறங்கக் கூடாது. போற வார சனமெல்லாம் பாக்கும்ல, இன்னார் மாலுன்னு.

எல்லாரும் "சரி, சரி"ன்னாக. ஒருத்தி கூட எதுத்துப் பேசல. எனக்கு சந்தோசம்னா சந்தோசம். அப்பறம் ஒண்ணு கேட்டேன். "சரி, காவலுக்கு ஆரு?"ன்னேன்.

எழுவது பொம்பளையும் தரையப் பாக்குறாளுக தாயி! ஒருத்தி பிள்ளைக்கு மூக்கத் தொடைக்கிறா. ஒருத்தி மண்ணுல கோடு போடுறா. காவலு எல்லாருக்கும் வேணும், ஆனா ஆரும் வர மாட்டாக. காவக்காரி பாடு என்ன? வெயில்ல கெடக்கணும், அக்கா தங்கச்சிய வையணும், கெட்ட பேரு வாங்கணும். பலன் மட்டும் எழுவது பேருக்கும் ஒரே அளவு.

அப்ப ராக்குதான் சொன்னா. "நீயே பாத்துக்கடி. ஒனக்குத்தான் வீட்டுல சோறு கேக்க ஆளில்ல"ன்னா. எல்லாரும் சிரிச்சாக. நானுந்தான் சிரிச்சேன். நெசந்தான அது. எம்புருசன் போயி ஒம்போது வருசம் ஆச்சு. மகன் குவைத்துல மீன்பிடி போட்டுல இருக்கான், வெள்ளிக்கெழமைன்னா போன் பேசுவான். கடல் தெறந்திருக்கிற நாள்ல பொழுது ஓடிரும். அந்த ரெண்டு மாசம் மூடுறதுதான்... சரி, காவலு இருந்தா அங்கன போயி உக்காரலாம்னு எனக்கும் தோணுச்சு. ஒத்துக்கிட்டேன்.

ராக்கு ஆருன்னு கேக்கலையே நீங்க? சேதுராக்கு. என் சோடி. இருவத்திரெண்டு வருசம். தங்கச்சி கூட அப்படி இருக்க மாட்டா. நான் முங்குனா அவ எண்ணுவா, சத்தமா எண்ணுவா, கரை வரைக்கும் கேக்கும். நாப்பதத் தாண்டுச்சுன்னா என் முடியப் பிடிச்சு இழுத்துருவா. "செத்துப் போயிட்டேன்னா ஒன் மாலு எனக்குத்தாண்டி"ன்னுட்டு சிரிப்பா. சரியான வாயாடி. மேல வந்து ஒரு மூச்சு விடுறதுக்குள்ள ஊர்க்கதை ஒண்ணு சொல்லி முடிச்சிருவா. பாதியில நான் முங்கிட்டேன்னா கோவம் வந்துரும் அவளுக்கு. எம்புருசன் செத்தப்ப பதினாறு நாளும் என் வீட்டுலதான் படுத்துக் கெடந்தா. ஏண்டி ஒனக்கு வீடு வாசல் இல்லையான்னா, "தூக்கம் வரல, பேசு"ம்பா.

காவல நான் நல்லாப் பாத்தேன். பாக்கலன்னு ஒருத்தி சொல்லட்டும் பாப்போம். முத வருசம் வெளியூருக்காரவுகள வெரட்டுனேன். அப்பறம் நம்ம ஊருலயே மூணு பேரப் பிடிச்சேன். மணல்ல நின்னுக்கிட்டு, "ஏய், வாங்கடி வெளிய! ஒங்க தொண்டையில பாசி மொளைக்க!"ன்னு கத்துவேன். வந்துருவாளுக. மாலத் தண்ணியில கொட்டச் சொல்லி வஞ்சு அனுப்பிருவேன். கூட்டத்துல சொல்லல. பேரும் சொல்லல. முத தடவதான, பயந்துட்டாளுக, போகட்டும்னு விட்டுட்டேன். அது தப்பா? காவக்காரிக்கும் ஒரு ஈவிரக்கம் வேணும்ல?

மூணாம் வருசம் கடல் மூடியிருக்கயில ராக்கு வந்தா. இந்தா, நீங்க உக்காந்திருக்கீகளே, அங்கனதான் உக்காந்தா. அவ சின்ன மகளுக்கு எட்டாம் மாசத்துலயே பிள்ளை பெறந்து, மதுரையில பெரியாஸ்பத்திரியில கண்ணாடிப் பொட்டிக்குள்ள வச்சிருக்காக. இவ அங்க போயித் தங்கணும். கையில ஒண்ணுமில்ல.

"எங்கிட்ட இருக்குறத எடுத்துக்கடி"ன்னேன். சத்தியமாச் சொன்னேன்.

"ஒங்கிட்ட வாங்கித் திங்கவா வந்தேன்? கடல்ல கெடக்குடி நமக்கு. ஒரே ஒரு நாளு. நீயும் நானும். காவக்காரியே கூட எறங்குனா ஆரு கேக்கப் போறா?"ன்னா.

"அதுதாண்டி முடியாது. நான் எறங்குனேன்னா நாளைக்கி அறுவத்தெட்டுப் பேரும் எறங்குவாளுக."

"நான் ஒண்ணும் அறுவத்தெட்டுப் பேரு இல்லடி. நான் ராக்கு"ன்னா.

நான் என்ன சொல்லணும் தாயி? நீங்க படிச்சவுக, நீங்க சொல்லுங்க. எல்லாருக்கும் ஒரு ஆஸ்பத்திரி இருக்கும், ஒரு கல்யாணம் இருக்கும், ஒரு சாவு இருக்கும். ஒருத்திக்குத் தெறந்து விட்டா கதவு மூடவா செய்யும்? அதத்தான் சொன்னேன். சொன்னேன்னா, நெறையச் சொல்லிட்டேன் போல. கூட்டத்துல பேசுன மாதிரியே பேசிட்டேன். அவ டீயக் குடிச்சு முடிச்சா. டம்ளர அவளே கழுவிக் கவுத்து வச்சா. போயிட்டா. போறப்ப "வாறேண்டி"ன்னு கூடச் சொல்லல.

மூணாம் நாளு. காலைல ஒம்போது மணி இருக்கும். நான் மேட்டுல, பனை நெழல்ல உக்காந்திருக்கேன். ஆனைப்பாருப் பக்கம் தண்ணி அசையுது. ஆனைப்பாரு எங்க பாரு. எங்க பாருன்னா, ஆருக்கும் சொந்தமில்லதான், ஆனா இருவத்திரெண்டு வருசமா நானும் அவளும் எறங்குற எடம். அங்கன ஒரு தல எந்திரிக்கிது. ராக்கு. எனக்கு அவ தல தெரியாதா, அரை மைலுக்கு அந்தாண்ட இருந்தாலும் தெரியும்.

கத்தணும்னுதான் எந்திரிச்சேன். "ஏய் ராக்கு, வெளிய வாடி"ன்னு. மூணு பேருக்குக் கத்துன வாயிதான? கத்தல. நேரா கோயிலுக்கு நடந்தேன். போயி மணிய அடிச்சேன்.

ஏன் கத்தலன்னு ஊரே கேக்குது. இந்தா நீங்களும் கேக்குறீக. காவக்காரி சொந்தச் சோடிய விட்டுட்டா, அப்பறம் ஆரு மதிப்பா? அடுத்த நாளே "அவ சோடின்னா ஒரு நாயம், நமக்கு ஒரு நாயமா"ன்னு கேக்க மாட்டாளுகளா? அதுக்காகத்தான் அடிச்சேன். ஆமா, அந்த மூணு பேர விட்டேன். அது வேற. அவளுக சோடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. விட்டா ஆரும் கேக்க மாட்டாக.

மணிச் சத்தம் கேட்டு எல்லாரும் கூடிட்டாக. ராக்கு நனைஞ்ச சட்டையோட வந்தா. கையில மாலு. பாதி கூட நெறையல, அந்த மாலு. பூங்கோதைன்னு ஒருத்தி, கூட்டத்துல நோட்டு எழுதுறவ, கேட்டா. "கூட ஆரு எறங்குனது?"ன்னா.

நான் சொன்னேன், "ஒரு தலதான் தெரிஞ்சுச்சு"ன்னு.

ஒரு தலன்னா தனியா எறங்குனான்னு ஆகுது. மூடுன கடல்ல எறங்குனது ஒரு தப்பு, சோடி இல்லாம எறங்குனது ரெண்டாவது தப்பு. ரெண்டு வருசம் மாலு தொங்கணும். ராக்கு என்னயப் பாத்தா. பூங்கோத திருப்பிக் கேட்டா, "தனியாத்தான் எறங்குனியா?"ன்னு. "ஆமா, தனியாத்தான்"ன்னுட்டா.

தண்ணி ஊத்தட்டுமா இன்னும்? வேணாமா? சரி.

இல்ல தாயி, நீங்க அப்படிப் பாக்காதீக. அங்கன ரெண்டு தலதான் இருந்துச்சு. வெயிலு கண்ணக் கூசுச்சு, அதான் செல்லக்கனிய... இல்ல. கூசல. ரெண்டாவது தல செல்லக்கனின்னு எனக்கு நல்லாத் தெரியும். இருவத்தாறு வயசுப் புள்ள, கைக்கொழந்தக்காரி, அவ மாலையும் தொங்க விட்டுட்டா அவ என்ன செய்வா? அதுக்காகத்தான் சொல்லல. ஒரு புள்ளையக் காப்பாத்துனேன்னு வச்சுக்கங்களேன். வருசக்கணக்கா அப்படித்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்.

நோட்ட மூடி வைங்க, சொல்றேன். நான் மேட்டுல நிக்கிறேன், அங்கன ராக்கு முங்குறா. அந்தப் புள்ள மேல நின்னு எண்ணுது. காத்து எம்பக்கமா அடிக்கிது, எண்ணுறது கேக்குது எனக்கு. நாப்பதுல ராக்கு எந்திரிச்சு என்னமோ சொல்றா, அந்தப் புள்ள சிரிக்கிது. அம்புட்டுத்தான். அதுதான் எனக்குப் பொறுக்கல. எரிஞ்சு போச்சு தாயி, அடிவயிறு எரிஞ்சு போச்சு. என்னயத்தான் மொதல்ல கூப்பிட்டா, நாந்தான் போகல, எல்லாம் தெரியும். தெரிஞ்சா எரியாதா? கூட்டத்துல "ஒரு தல"ன்னு சொன்னேன் பாருங்க, சொல்லயில ஆறுதலா இருந்துச்சு. அங்கன ரெண்டாவது ஆளே இல்லைன்னு ஆயிருச்சுல்ல.

ராக்கு அந்த வாரமே கெளம்பிட்டா. மதுரைக்குப் போயி, அங்க இருந்து அப்படியே மகளோட திருப்பூரு. செல்லக்கனி வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். இருந்தாளா? ஆறு மாசம் கழிச்சு அழுதுக்கிட்டே எல்லாத்தையும் பூங்கோதகிட்ட ஒப்பிச்சிட்டா. பூங்கோத நோட்டத் தெறந்து திருத்தி எழுதுறேன்னா, ராக்கு மாலு ஒரு வருசத்துல எறங்கட்டும்னா. எறங்கி என்ன செய்ய, ஆளு எங்க?

அதுல இருந்து எனக்குச் சோடி இல்ல.

கோவம்னு நெனைக்காதீக. ஆருக்கும் எம்மேல கோவமில்ல. நல்லாப் பேசுவாக. கல்யாணம் காச்சின்னா மொத பத்திரிக்கை எனக்குத்தான். கணக்கு அப்படி விழுந்துருச்சு, அம்புட்டுத்தான். எழுவதுல ராக்கு போனா அறுவத்தொம்பது. ஒத்தப்படை. ரெண்டு ரெண்டாப் பிரிச்சா ஒருத்தி மிஞ்சத்தான செய்வா? அது நானாப் போனேன். மூணு பேராப் போறதும் உண்டுதான். ரேவதி ரெண்டு பேரோட போறா, மாரிக்கண்ணு கூட அப்படித்தான். அவளுக சொந்தக்காரவுக. நான் போயிக் கேட்டேன், ஒருதடவ இல்ல, நாலு தடவ. பூங்கோதகிட்டக் கேட்டேன். "அதுக்கென்னக்கா, பாப்போம்"னா. மொழங்கால் வலி ஒங்களுக்குன்னா ஒருத்தி. எனக்கு எங்க மொழங்கால் வலி? செல்லக்கனிகிட்டயும் கேட்டேன். அந்தப் புள்ள மட்டுந்தான் நேராச் சொல்லுச்சு. "நீங்க மேல நின்னா எனக்கு முங்கப் பயமா இருக்குத்தே"ன்னுச்சு.

பாசி எப்படி இருக்குன்னு கேளுங்க. கேட்டீகளா? சும்மா மொழங்கால் மட்டுக்கு அடச்சுக் கெடக்குது! ஆனைப்பார்ல காலு வைக்க எடமில்லங்குறாக. சின்னப் புள்ளைல பாத்தது, அதுக்கப்பறம் இப்பத்தான். பன்னெண்டு நாள்ல, முன்ன மாசம் பூரா பறிச்சதவிட ரெண்டு பங்கு பறிக்கிறாளுக. லாரிக்காரன் சரக்கு ஏத்துற நாள மாத்தச் சொல்லிக் கேட்டு நிக்கிறான், முன்னயெல்லாம் நாங்க அவங்கிட்ட நிப்போம். எல்லாம் அந்தக் கட்டுப்பாட்டால வந்தது. அத நீங்க எழுதணும். நல்லா எழுதணும். காலைல அவளுக சோடி சோடியாப் போறத இந்த வாசல்ல நின்னு பாப்பேன். மதியம் மாலு கனத்து சாஞ்சு சாஞ்சு வருவாளுக. எனக்கும் ஒரு கை அள்ளிப் போட்டுட்டுப் போறவளுக இருக்காக. நான் அத வாங்கிக்கிறதில்ல.

இந்தச் சித்திரையோட முழுசா ரெண்டு வருசம் முடிஞ்சுச்சு. நோட்டுல திருத்துனாலும் நான் மால எறக்க விடல. ஏன் விடலையா? எறக்குனா அவ வர மாட்டான்னு முடிவு ஆயிரும்ல. தொங்குனா, கெடு முடியட்டும் வருவான்னு இருக்கலாம். வெயில்ல நூலு இத்துப் போகும், நான் அப்பப்ப எறக்கி முடிஞ்சு மறுபடி தொங்க விடுவேன். கெடு முடிஞ்ச அன்னைக்கே மால எடுத்துப் பையில வச்சு பஸ் ஏறிட்டேன். திருப்பூருக்கு நான் போனதே இல்ல. கேட்டுக் கேட்டுப் போயிச் சேந்தேன்.

ஒரு பனியன் கம்பெனியில துணியில நீட்டிக்கிட்டு இருக்குற நூலுப் பிசிர் வெட்டுறா. ஒரு ரூம்பு. அந்தக் கண்ணாடிப் பொட்டிப் புள்ள இப்ப ஓடுது தாயி, என் காலக் கட்டிக்கிருச்சு, நல்லா கொழு கொழுன்னு இருக்கு. ராக்கு கதவத் தெறந்தா. என்னயப் பாத்தா. "வாங்க, வாங்க. எப்ப வந்தீக? உக்காருங்க"ன்னா.

இருவத்திரெண்டு வருசத்துல அவ என்னய அப்படிக் கூப்பிட்டதே இல்ல. மீன் வாங்கிக் கொழம்பு வச்சா. "இன்னுங் கொஞ்சம் ஊத்திக்கங்க"ங்குறா. நான் அழுதேன். சொல்றதுக்கு என்ன, அழுதேன். "தப்புப் பண்ணிட்டேண்டி, ரெண்டு தலையையும் பாத்தேண்டி"ன்னேன். அவ, "அதெல்லாம் ஒண்ணுமில்லங்க. நீங்க காவலுக்கு இருந்தீக, ஒங்க கடமையச் செஞ்சீக. விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான"ன்னா. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னா. கோவமே இல்ல பாருங்க அதுல. ஒரு அறை அறைஞ்சிருந்தா நான் சோத்தத் தின்னுருப்பேன். மாலக் குடுத்தேன். ரெண்டு கையாலயும் வாங்கி மேல பரண்ல வச்சா. "ஊருக்கு வந்தாப் பாப்போம்"ன்னா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து ஏத்தி விட்டா. பஸ்ஸு எடுக்குற வரைக்கும் நின்னா. ஒரு கதை சொல்லல, ஒரு கேலி பண்ணல.

சரி. அத எழுதாதீக. கட்டுப்பாட்ட மட்டும் எழுதுங்க.

கெளம்பப் போறீகளா? இருங்க, ஒங்க பஸ்ஸு நாலரைக்குத்தான். மணி ரெண்டுதான ஆகுது? ஒண்ணு கேக்கலாமா ஒங்ககிட்ட? நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது.

இன்னைக்கி அமாவாசைக்கி மூணாம் நாளு, தெறந்த நாளுதான். இந்த நேரம் தண்ணி வத்திக் கெடக்கும். இந்தா, வீட்டுக்குப் பின்னால எறங்குனா ஒரு சின்னப் பாரு இருக்கு, ஆனைப்பாரு அளவு வராது. நீங்க வந்து நின்னீகன்னா நான் எறங்கலாம். நீஞ்சத் தெரிய வேணாம், நீங்க நிக்கிற எடத்துல இடுப்பளவு கூட வராது, தொடையளவுதான். துணி நனையும், என் சேல ஒண்ணு தாறேன், கட்டிக்கங்க. சோடின்னா ஊர்க்காரியா இருக்கணும்னு நோட்டுல எங்கயும் எழுதல. நாந்தான எழுதுனேன், எனக்குத் தெரியாதா? ஒருத்தி முங்குனா ஒருத்தி தல வெளிய இருக்கணும், அம்புட்டுத்தான் இருக்கு.

பாசி கூடப் பறிக்கல தாயி. மாலக் கூட எடுக்கல, பாருங்க, கைய வீசிக்கிட்டுத்தான் வாறேன். நாலு முங்கு. மேல வாரயில ஒரு மொகம் இருந்தாப் போதும்.